ரோட்டரி எஞ்சினைத் திறந்தபின்: எந்த மேம்பாடு வேண்டும், எது வேண்டாம்?

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் ரோட்டரி எஞ்சினைப் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) பிரிக்கக் கொடுக்கும்போது எல்லோருடைய எண்ணமும் ஒன்றுதான்: தேய்ந்த சீல்களை (கசிவைத் தடுக்கும் பட்டைகளையும் வளையங்களையும்) மாற்ற வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும். பாகங்கள் மேசைக்கு வந்ததும் அந்த எண்ணம் கைநழுவிவிடுகிறது. "எப்படியும் திறந்தாயிற்று, இதையும் செய்துவிடலாமே" என்று யாராவது சொன்னால் போதும். பட்டியல் நீளும், செலவு இரட்டிக்கும், கார் மாதக்கணக்கில் பட்டறையிலேயே நிற்கும். இப்படிப் பாதியில் நின்று, கடைசியில் உதிரிபாகமாக விற்கப்பட்ட நல்ல கார்கள் நிறைய உண்டு.

வாங்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். பழைய எஞ்சின் ஏன் செத்தது? நீங்கள் நினைக்கும் மேம்பாடு, எஞ்சின் திறந்திருக்கும்போது மட்டுமே செய்யக்கூடியதா, அல்லது எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியதா? இவ்விரண்டுக்கும் விடை இல்லாமல் வாங்கும் எந்த உயர்ரகப் பாகமும் வீண்செலவுதான்.

இந்த வழிகாட்டி 1991 முதல் 2002 வரை தயாரான எஃப்டி வகை ஆர்எக்ஸ்-7 காரின் 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சினை மையமாக வைத்து எழுதப்பட்டது. அதற்கு முந்தைய எஃப்சி வகைக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆர்எக்ஸ்-8 காரின் ரெனசிஸ் எஞ்சின் எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது மிகக் குறைவு. 654 சிசி கொள்ளளவில் இரண்டு ரோட்டர்கள், ஆகமொத்தம் 1308 சிசி. ரோட்டர் சுழலும் அலுமினிய ஹவுசிங் (உறை) இரண்டு. அவற்றுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் வார்ப்பிரும்பால் ஆன சைடு ஹவுசிங் மூன்று. நடுவே, ரோட்டர்களின் சுழற்சியை வெளியே கொடுக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். இந்த அடுக்கு முழுவதையும் 18 நீண்ட போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. பாகங்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொரு பாகத்தின் தேர்வும் மற்றவற்றைப் பாதிக்கிறது. தயக்கம் தேவைப்படுவதும் அதனால்தான்.

படி 1: பிரிப்பதற்கு முன் எண்களை எழுதி வையுங்கள்

எஞ்சின் இன்னும் சுற்றுகிற நிலையில் இருந்தால், இறக்கும் முன் கம்ப்ரஷன் (அறைக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பாருங்கள். சாதாரண பிஸ்டன் எஞ்சின் கேஜ், ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி கேஜ்தான் வேண்டும். ஆர்எக்ஸ்-8 எஞ்சினுக்கு 250 ஆர்பிஎம் வேகத்தில் 830 கிலோபாஸ்கல் சரியான அளவு, 680 குறைந்தபட்சம். பழைய 13பி எஞ்சின்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ என்பது கீழ் எல்லை.

ஒரே ரோட்டரில் ஒரு முகம் மட்டும் குறைந்தால் பிரச்சினை அந்த முகத்தின் சைடு சீலில் (ரோட்டரின் பக்கவாட்டு விளிம்பில் இருப்பது) இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு முகங்கள் குறைந்தால் அவற்றுக்கு இடையே ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றும் சமமாகக் குறைந்தால் அது பொதுவான தேய்மானம்.

கூடவே ஒரு தாளில் இந்தக் கார் எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள். "வார இறுதியில் ஓட்ட, ஆலை அளித்த திறனே போதும்" என்பது ஒரு வரி. "பந்தயத் தளத்தில் மாதம் ஒருமுறை, 400 குதிரைத்திறன்" என்பது இன்னொரு வரி. இரண்டும் வேண்டும் என்று எழுதினால் பட்டியல் ஒருபோதும் முடியாது. இனி வரும் ஒவ்வொரு முடிவையும் அந்த வரிக்கு எதிரே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: எஞ்சின் ஏன் செத்தது?

பெரும்பாலோர் அவசரப்படும் இடம் இது. பாகங்களைக் கழுவும் முன் பாருங்கள், படம் எடுங்கள். கரியும் துருவும் கூலன்ட் தடமும் சாட்சிகள். மண்ணெண்ணெயில் போட்டு அலசிவிட்டால் சாட்சி போய்விடும்.

ஏபெக்ஸ் சீல் உடைந்திருந்தால், ரோட்டரின் முனைகளில் பள்ளம் விழுந்திருக்கும். ஹவுசிங்கின் குரோம் பரப்பில் நீளவாக்கில் கீறல் ஓடும். டர்போ எஞ்சினில் இதற்கு வழக்கமான காரணம் நாக்கிங், அதாவது எரிபொருள் கலவை நேரம் தவறி வெடிப்பது. நாக்கிங் வந்தது எரிபொருள் போதாமலா, டர்போ தரும் காற்றழுத்தம் எல்லை மீறியா, உள்ளிழுக்கும் காற்று கொதித்துப் போயா என்று தேட வேண்டும். இந்த மூன்றுமே எஞ்சினுக்கு வெளியே இருக்கும் காரணங்கள். எனவே, உடைந்த சீலுக்குப் பதில் வலுவான சீல் வாங்குவது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் அடக்கும் வேலை. உடைந்த துண்டு புகைபோக்கி வழியாகத்தான் வெளியேறியிருக்கும். போகிற வழியில் டர்போவின் டர்பைன் இதழ்களைத் தாக்கியிருக்கும். டர்போவையும் கழற்றிப் பார்க்காமல் செலவுக் கணக்கை மூடாதீர்கள்.

கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது, காலையில் கிளப்பும்போது வெண்புகை, ரேடியேட்டரில் குமிழி என்றால் போயிருப்பது நீர் சீல். சைடு ஹவுசிங்கில் அந்த ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளத்தின் மெல்லிய உட்சுவர் துருவில் அரித்திருந்தால் அல்லது உடைந்திருந்தால், அதில் எவ்வளவு விலையுயர்ந்த வளையம் போட்டாலும் நிற்காது. அந்த ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். காரணம் பெரும்பாலும் ஒருமுறையாவது எஞ்சின் கொதித்தது, அல்லது கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி வந்தது.

பேரிங்கின் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் ஆயில் அழுத்தம் அல்லது ஆயில் வெப்பம் தவறியிருக்கிறது. குரோம் ஓரங்களில் செதில் செதிலாக உரிந்திருந்தால் வயது. ஆர்எக்ஸ்-8 என்றால் கூடுதலாக இரண்டைச் சந்தேகப்படுங்கள்: சோர்ந்துபோன இக்னிஷன் காயில்கள், அவற்றால் எரியாமல் போன பெட்ரோல் சேர்ந்து அடைத்துவிட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அந்த அடைப்போடு புது எஞ்சினை ஏற்றினால் அதுவும் சூட்டில் வதங்கும்.

படி 3: அளந்து பாருங்கள்

அளக்கும் வேலை மேம்பாட்டுப் பட்டியலில் சேராது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு எவ்வளவு பணம் மிஞ்சும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சைடு ஹவுசிங்கில் சைடு சீல் ஓடித் தேய்ந்த படி 0.10 மி.மீ. தாண்டக் கூடாது. பரப்பின் வளைவு 0.04 மி.மீ. வரை சரி. சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் (ரோட்டரின் மூலையில் இருப்பது) இடையே 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி, எல்லை 0.40. ரோட்டர் பேரிங், மெயின் பேரிங் இரண்டுக்கும் 0.04 முதல் 0.08, எல்லை 0.10. உங்கள் ஆண்டு மாடலின் மாஸ்டா பணிமனைக் கையேட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேய்ந்த சைடு ஹவுசிங்கை லேத் பட்டறையில் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்பார்கள். செய்யலாம். ஆனால் எஃப்சி, எஃப்டி சைடு ஹவுசிங்குகளின் மேல்பரப்பு நைட்ரைடிங் முறையில் கடினமாக்கப்பட்டது. அந்தத் தோல் மெல்லியது; தேய்க்கும்போது அதுவும் சேர்ந்து போகிறது. மறுபடி கடினமாக்காமல் பூட்டினால் தேய்மானம் விரைவாக வரும். பட்டறைக்காரரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். "தேய்த்தபின் நைட்ரைடிங் செய்து தருவீர்களா?" என்ற கேள்விக்கு அவர் விழித்தால், வேறு பட்டறை பாருங்கள்.

ரோட்டர் ஹவுசிங்தான் பட்ஜெட்டை உடைக்கும் பாகம். உள்ளே எஃகுத் தகடு வார்த்த அலுமினியம், அதன்மேல் கடின குரோம். பிஸ்டன் எஞ்சினைப் போல ரீபோர் செய்து (உட்பரப்பைக் குடைந்து பெரிதாக்கி) அடுத்த அளவு போட முடியாது. ஸ்பார்க் பிளக் துளைகளைச் சுற்றியும் ஓரங்களிலும் குரோம் எப்படி இருக்கிறது என்பதைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஹவுசிங் போய்விட்டது என்றால், கையில் உள்ள பணம் முதலில் அதற்குத்தான். சுமாரான ஹவுசிங்கில் உயர்ரக சீல் போடுவதைவிட, நல்ல ஹவுசிங்கில் மாஸ்டாவின் சாதாரண சீல் போடுவது நெடுநாள் ஓடும்.

படி 4: பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் பிரிவு, அடுக்கைத் திறந்தால் மட்டுமே செய்யக்கூடியவை: எல்லா சீல்களும், பேரிங், போர்ட்டிங் (காற்று, புகை வாய்களை வெட்டிப் பெரிதாக்குவது), கூடுதல் டவல் பின் (அடுக்கை நகராமல் பிடிக்கும் முளை), ரோட்டர் மாற்றம். இரண்டாவது, எஞ்சின் காருக்கு வெளியே இருந்தால் எளிதானவை: டர்போ, வேக்குவம் குழாய்கள், கிளட்ச், பிளைவீல், எஞ்சின் மவுண்ட், முன் மூடிக்குள் இருக்கும் ஆயில் வேலைகள். மூன்றாவது, எந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்யக்கூடியவை: இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது), ரேடியேட்டர், கேஜ்கள், காயில், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி).

பணம் இறுக்கமாக இருந்தால் மூன்றாம் பிரிவில் திறனுக்கானதைத் தள்ளிப் போடுங்கள். மூன்றாம் பிரிவிலேயே பாதுகாப்புக்கானதைத் தள்ளிப் போடாதீர்கள்.

படி 5: யோசிக்காமல் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்

விலை குறைவு, பலன் பெரிது என்ற வகையில் சில உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் முன்முனையில் இருக்கும் தெர்மல் பெல்லட் விஷயம். பல 13பி எஞ்சின்களில் ஷாஃப்டின் முனைக்குள் மெழுகு நிரப்பிய சிறு உருளை ஒன்று இருக்கும். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஆயில் ரோட்டருக்குள் பீய்ச்சாமல் பக்கவழியில் வடிந்துவிடும். சூடேறியதும் மெழுகு விரிந்து பக்கவழியை மூடும், ஆயில் ரோட்டரைக் குளிர்விக்கப் போகும். வயதான பெல்லட் முழுதாக விரியாவிட்டால் பக்கவழி திறந்தே கிடக்கும். அழுத்தம் குறையும், ரோட்டர் சூடேறும், வெளியே எதுவும் தெரியாது. இதற்குப் பதிலாகப் போடும் திண்மமான உலோகத் துண்டு மிக மலிவு. எஞ்சின் சூடேறச் சற்று நேரம் கூடும் என்பது மட்டுமே இழப்பு. குளிர்நாடுகளில் இருப்பவர்கள் கிளப்பியவுடன் விரட்டாமல் பொறுமையாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

எஃப்சி வைத்திருப்பவர்கள் முன் மூடியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன் மூடிக்கும் முன் சைடு ஹவுசிங்குக்கும் நடுவே ஆயில் பாயும் துளையைச் சுற்றி ஒரு ஓ-ரிங் இருக்கிறது. சூட்டில் அது பிதுங்கி வெளியேறினால், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாமல் ஆயில் அழுத்தம் விழும். மாஸ்டாவே பிற்பாடு அதற்கு டெஃப்லான் தாங்குவளையம் கொடுத்தது. அதை வாங்கிப் போடுங்கள். எஃப்டியின் பின்பக்க ஆயில் அழுத்த ரெகுலேட்டர் எஃப்சியுடையதைவிட உயர்ந்த அழுத்தத்தில் திறப்பது. எஃப்சிக்காரர்கள் அதை மாற்றிப் போடுவது நெடுநாள் வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஆயில் வளையங்களுக்குள் உள்ள ஓ-ரிங்குகளை வைட்டான் ரகமாக வாங்குங்கள். சாதாரண ரப்பர் சூட்டில் கல்லாகிவிடும். கிளப்பும்போது நீலப்புகை அடிப்பதற்கு அதுதான் வழக்கமான காரணம். நீர் சீல்களிலும் உயர்வெப்பம் தாங்கும் ரகம் கிடைக்கிறது. விலை வித்தியாசம் சிறிது. கார்னர் சீல், சைடு சீல், ஏபெக்ஸ் சீல் எல்லாவற்றின் ஸ்பிரிங்குகளையும் புதிதாகவே போடுங்கள். பழைய ஸ்பிரிங்கை அளந்து பார்த்து மறுபடி போடுவதில் மிச்சமாகும் தொகை, இன்னொரு முறை எஞ்சின் இறக்கும் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

படி 6: ஏபெக்ஸ் சீல்

ரோட்டரி வட்டாரங்களில் இதைவிட நீண்ட விவாதம் கிடையாது. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஹிரோஷிமாவில் கெனிச்சி யாமாமோட்டோ தலைமையிலான மாஸ்டா குழுவைத் தவிக்கவைத்தது ஹவுசிங் சுவரில் அலையலையாக விழுந்த கீறல்கள். 'பிசாசின் நகக்குறி' என்றே அவற்றை அழைத்தார்கள். சீல் சுவரில் உரசும்போது அதிர்ந்து துள்ளியதால் வந்தவை அவை. அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் உருவான பிறகுதான் 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் சந்தைக்கு வந்தது. சீலையும் சுவரையும் ஒரு ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்தக் குழு பட்ட பாட்டில் தெரிந்த விஷயம். இன்றும் அதில் மாற்றமில்லை.

எஃப்டிக்கு மாஸ்டா கொடுக்கும் சீல் 2 மி.மீ. தடிமன், வார்ப்பிரும்பு, உரசும் விளிம்பு கடினமாக்கப்பட்டது. குரோம் சுவரோடு அருமையாகப் பொருந்தும், தானும் மெல்லத் தேயும், சுவரையும் பெரிதாகத் தேய்க்காது. பலவீனம் ஒன்றே: கடுமையான நாக்கிங் வந்தால் பட்டென்று உடையும். உடைந்த துண்டு என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

பிற நிறுவனங்கள் செய்யும் எஃகு சீல்கள் நாக்கிங்கில் உடையாமல் வளையும். வளைந்த சீல் கம்ப்ரஷனை இழக்கும், ஆனால் ரோட்டரும் ஹவுசிங்கும் டர்போவும் பெரும்பாலும் பிழைக்கும். இதற்கு விலை, குரோம் பரப்பின் தேய்மானம். சில ரகங்கள் மென்மையாக ஓடும், சில ரகங்கள் சுவரைச் சுரண்டும். கூடுதல் ஆயில் தேவை என்று தயாரிப்பவர்களே சொல்லும் ரகங்களும் உண்டு. செராமிக் சீல் மிக இலேசானது, உராய்வு குறைவு, உயர்வேகத்தில் சுவரைக் காக்கும். 1991-இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரின் நான்கு ரோட்டர் ஆர்26பி எஞ்சினில் இருந்தது செராமிக் சீல்தான். விலையும் அந்தப் பந்தயத்துக்கு ஏற்றதாகவே இருக்கும். நாக்கிங்கை அது மன்னிக்காது.

சாலையில் ஓடும், ஆலை அளித்த திறனுக்கு அருகிலேயே நிற்கப்போகும் எஃப்டிக்கு நான் சொல்வது மாஸ்டா சீல். காற்றழுத்தத்தைக் கணிசமாக ஏற்றப் போகிறீர்கள், இசியூ டியூனிங் படிப்படியாக நடக்கும், நடுவில் ஒருமுறையாவது நாக்கிங் வர வாய்ப்புண்டு என்றால் நல்ல பெயரெடுத்த எஃகு சீல் நியாயம்தான். அப்போது அந்தத் தயாரிப்பாளர் சொல்லும் ஸ்பிரிங்கையே போடுங்கள். சீல் ஒருவருடையது, ஸ்பிரிங் இன்னொருவருடையது என்று கலக்காதீர்கள். ரோட்டரின் பள்ளத்தை 3 மி.மீ. அகலமாக வெட்டித் தடித்த சீல் போடுவது திரும்ப முடியாத வேலை. அது பெருந்திறன் பந்தய எஞ்சின்களோடு நிற்கட்டும். ரெனசிஸ் எஞ்சினின் ஏபெக்ஸ் சீல் உயரம் குறைந்தது. 13பி பெயரைப் பார்த்து எஃப்டி சீலை ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

படி 7: போர்ட்டிங், திரும்பி வர முடியாத வழி

ரோட்டரியில் வால்வு இல்லாததால், காற்று நுழையும் வாயின் வடிவமே அது எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதைத் தீர்மானிக்கிறது. வாயை மேல்நோக்கி நீட்டினால் அது தாமதமாக மூடும், உயர்வேகத்தில் கூடுதல் காற்று நுழையும். இதைத்தான் ஸ்ட்ரீட் போர்ட் என்கிறார்கள். பிரிட்ஜ் போர்ட் என்றால் பழைய வாய்க்கு வெளியே, சைடு சீலைத் தாங்க ஒரு மெல்லிய பாலத்தை மட்டும் விட்டுவிட்டு, இன்னொரு கண்ணைத் திறப்பது. ஐட்லிங்கில் 'பட்பட்' என்று துடிக்கும் அந்த ஓசை பலரை மயக்கியிருக்கிறது. அதற்கு ஈடாகப் பெட்ரோல் செலவு ஏறும், குறைந்த வேகத்தில் இழுவை போகும், நெரிசலில் ஓட்டுவது வேதனை, புகைப் பரிசோதனையில் தேறுவது கடினம். வெட்டும் இடம் நீர் சீலுக்கு மிக அருகில் போவதால் எஞ்சினின் ஆயுளும் பணயம்.

ஸ்ட்ரீட் போர்ட்டிலும் எல்லை உண்டு. கார்னர் சீல் கடந்துபோகும் பாதையில் கை வைத்தால் சீல் வாய்க்குள் விழும். சைடு சீலுக்கு வழிநெடுகத் தாங்கல் வேண்டும். ஓரங்களைச் சரியாக மழுக்காவிட்டால் சீல் கொக்கி போல மாட்டும். சரியான டெம்ப்ளேட்டை வைத்து, பலமுறை இதைச் செய்த கை செய்ய வேண்டும். நல்ல சைடு ஹவுசிங் கிடைப்பதே அரிதாகிவரும் காலத்தில், முதன்முறையாக கிரைண்டர் பிடிப்பவர் அதில் பழகக் கூடாது. பழக வேண்டுமென்றால் தூக்கிப்போட வேண்டிய ஹவுசிங்கில் பழகுங்கள்.

எஃப்டிக்காரர்கள் சங்கிலி விளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலை கொடுத்த இரட்டை டர்போ அமைப்பில் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐ அளவில் நிற்கும்படி வேஸ்ட்கேட் (மிகுந்த புகையை டர்போவுக்குள் போகாமல் திருப்பிவிடும் வால்வு) வைத்திருக்கிறார்கள். அந்த வேஸ்ட்கேட் சிறியது. புகைவாயை அகலப்படுத்தி, தடையில்லாத புகைக்குழாயும் போட்டால் வேஸ்ட்கேட்டால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாது. அழுத்தம் தானாக ஏறும், எரிபொருள் போதாமல் போகும், நாக்கிங் வரும், சீல் உடையும். ஆக, "சும்மா கொஞ்சம் போர்ட்" என்பதற்குள் வேஸ்ட்கேட், எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், இசியூ எல்லாம் ஒளிந்திருக்கின்றன. அந்தச் செலவுக்குத் தயாரில்லை என்றால் வாய்களை ஆலை விட்ட வடிவிலேயே விட்டு, வார்ப்பின் சொரசொரப்பை மட்டும் மழுக்கி நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படி விட்டது தவறான முடிவு என்று பின்னால் தோன்றினால் அடுத்த முறை வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

படி 8: ரோட்டர், எடை, பலப்படுத்தல்

கம்ப்ரஷன் விகிதம் எஃப்டியில் 9.0, ரெனசிஸில் 10.0. பழைய எஃப்சி டர்போவில் 8.5-உம் 9.0-உம் ஆண்டைப் பொறுத்து உண்டு. விகிதத்துக்காகவோ எடைக்காகவோ ரோட்டரை மாற்றினால், முன்பின் எதிரெடைகளும் அந்த ரோட்டருக்குப் பொருந்த வேண்டும். தனி பிளைவீல் போடும்போது பின்பக்க எதிரெடையைத் தனியாக வாங்க வேண்டிவரும். அதை எந்த ஆண்டு ரோட்டருக்கானது என்று சரிபார்த்து வாங்குங்கள். தவறினால் அதிர்வு பேரிங்கைத் தின்னும். ரோட்டர் ஒன்று மட்டும் கெட்டுப்போய் வேறொரு எஞ்சினிலிருந்து எடுத்தால் இரண்டையும் எடை போட்டுச் சமன் பாருங்கள்.

அடுக்கு முறுகாமல் இருக்கக் கூடுதல் டவல் பின்கள், போல்ட்டுக்குப் பதில் ஸ்டட்கள் போன்றவை ஜப்பானிய எஃப்டி தொட்ட உச்சமான 280 குதிரைத்திறனுக்குத் தேவையே இல்லை. அதை ஏறத்தாழ இரட்டிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்த அளவில் பின் சைடு ஹவுசிங் டவல் பின் இடத்தில் விரிசல் விடுவது தெரிந்த நோய். கடினப்படுத்திய ஸ்டேஷனரி கியர் (ரோட்டரின் சுழற்சியை வழிநடத்தும் அசையாப் பல்சக்கரம்), பந்தய பேரிங் இவையும் 9,000 ஆர்பிஎம் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கே.

படி 9: வெளியே செய்யும் வேலைதான் உள்ளே காக்கிறது

நான் மனதாரச் சொல்கிறேன்: போர்ட்டிங்குக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் அதை இங்கே திருப்புங்கள். எஃப்டியின் கூலன்ட் அமைப்பில் காற்றைப் பிரிக்கும் சிறு தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது, எஞ்சின் அறையின் சூட்டில் நாளடைவில் விரிசல் விடும். விரிசல் விட்டால் கூலன்ட் போகும், நீர் சீல் போகும், எஞ்சின் போகும். அலுமினியத் தொட்டி போடுங்கள். டாஷ்போர்டில் உள்ள வெப்பமானியை நம்பாதீர்கள். அது பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நின்று, ஊசி நகரும்போது காலம் கடந்திருக்கும். உண்மையான எண் காட்டும் கூலன்ட் கேஜ், ஆயில் வெப்பம், ஆயில் அழுத்தம், காற்றழுத்தம் ஆகியவற்றுக்கான கேஜ்கள் எந்த உயர்ரக சீலைவிடவும் அதிக எஞ்சின்களைக் காப்பாற்றும்.

ரோட்டரைக் குளிர்விப்பது ஆயில். எனவே ஆயில் கூலர் இந்த எஞ்சினில் அலங்காரம் அல்ல. எஃப்டியில் சில வகைகளுக்கு ஒரே கூலர், சிலவற்றுக்கு இரண்டு. ஒன்று மட்டும் இருந்து, வெப்பநாட்டில் வாழ்கிறீர்கள் அல்லது பந்தயத் தளத்துக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதைச் சேருங்கள். சீல் உடைந்த எஞ்சின் என்றால் பழைய கூலருக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கும். நன்றாக அலசுங்கள், சந்தேகமிருந்தால் மாற்றுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பரிசோதனை செய்யும் இடத்தில் கொடுத்து நான்கும் சமமாகத் தெளிக்கின்றனவா என்று பாருங்கள்.

சீல்களுக்கு ஆயில் ஊட்டுவது பற்றி: ஆலை வைத்த மீட்டரிங் பம்ப் எஞ்சின் ஆயிலைத் துளித்துளியாக அறைக்குள் விடும். அதைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பவர்கள் உண்டு. லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லி என்பது பலர் பின்பற்றும் அளவு. கலந்த ஆயில் சுத்தமாக எரியும், சமமாகப் பரவும் என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு முறை பெட்ரோல் போடும் இடத்தில் மறந்தால் சீல் உலர்ந்து ஓடும். அந்தக் காரை வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால் இன்னும் ஆபத்து. பம்ப் வேலை செய்தால் அதை விட்டுவைத்து, கூடவே சிறிது கலந்து ஓட்டுங்கள். தனித் தொட்டியிலிருந்து சுத்தமான டூ-ஸ்ட்ரோக் ஆயிலை அந்தப் பம்புக்கே கொடுக்கும் இணைப்பானும் கிடைக்கிறது. சாலைக் காருக்கு அது அழகான தீர்வு.

படி 10: கணக்குப் போட்டு, பட்டறையோடு பேசுங்கள்

ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதுங்கள்: பாகத்தின் விலை, கூலி, அது இழுத்துவரும் மற்ற பாகங்கள், திரும்ப முடியுமா முடியாதா. மூன்றாவது பத்தியை நேர்மையாக நிரப்பினாலே பாதிப் பட்டியல் தானாகக் கரைந்துவிடும். மொத்தத் தொகையில் கால்பங்கையாவது தொடாமல் வையுங்கள். அளந்து பார்த்தபின் தெரியவரும் கெட்டுப்போன ஹவுசிங்குக்கு அது வேண்டும்.

பட்டறையிடம் "என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள். "எங்கள் எஞ்சின் எதனால் போனது? அது திரும்ப வராமல் இருக்க என்ன மாற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அளந்த எண்களைத் தாளில் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சீல்களைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இவற்றில் எதற்கும் முகம் சுளிக்க மாட்டார்.

படி 11: பூட்டியபின்

18 போல்ட்டுகளையும் கையேடு சொல்லும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். பிறகு ஷாஃப்டின் முன்பின் அசைவை டயல் கேஜில் பாருங்கள்: 0.04 முதல் 0.07 மி.மீ., எல்லை 0.09. அதிகமோ குறைவோ இருந்தால் முன்னால் இருக்கும் ஸ்பேசரை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். முன் மூடி ஏறும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

முதன்முறை கிளப்பும் முன் எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் அழுத்தம் வரும்வரை காத்திருங்கள். புது சீல் இன்னும் பொருந்தாததால் முதல்நாள் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டலாம், பதற வேண்டாம். பழக்கும் காலத்தில் டர்போ அழுத்தம் ஏறாமல், ஒரே வேகத்தில் நில்லாமல், ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். எஃகு சீல் என்றால் தயாரிப்பாளர் சொல்லும் தூரம் எவ்வளவோ அவ்வளவு. முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலில் உலோகம் மின்னுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். பழக்கும் காலம் முடிந்ததும் மறுபடி கம்ப்ரஷன் எடுத்து, ஆறு முகங்களின் எண்ணையும் முதல் படியில் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். காற்றழுத்தத்தை ஏற்றுவதானால் அந்த எண்கள் சமமாக வந்தபிறகு ஏற்றுங்கள்.